அப்பாக்களுக்குத் தனி வகுப்பா, தம்பதிகளுக்குச் சேர்ந்த வகுப்பா? பிள்ளைக்கு எது உதவும்?

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோவில் நிர்வாகமோ "குடும்பங்களுக்கு உருப்படியா ஏதாவது செய்வோம்" என்று கொஞ்சம் பணம் ஒதுக்கினால், கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்து நிற்கும். அப்பாக்களைக் கூப்பிட்டுப் பேசுவோம் என்பது ஒன்று: பிள்ளையோடு எப்படி நேரம் செலவழிப்பது, கை ஓங்காமல் எப்படிக் கண்டிப்பது, வீட்டுப்பாடத்தில் எப்படி உட்காருவது. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைப்போம் என்பது மற்றொன்று. வீட்டில் சண்டை ஓய்ந்தால் பிள்ளை தானாகத் தேறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டையும் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். பொருளாளர் பேசாமல் கணக்குப் புத்தகத்தை மூடுவார்.

என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் முடியும் என்றால், அப்பா அம்மா இருவரும் சேர்ந்து வரும் வகுப்பு. ஆனால் அங்கே பேச்சு பிள்ளையைச் சுற்றி இருக்க வேண்டும், கல்யாண வாழ்க்கையைச் சுற்றி அல்ல. இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொட்டிவிட்டுக் கையைப் பிசைந்த கதைதான் நமக்கும்.

நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தபோது

இந்த இரண்டு வகுப்புகளையும் ஒரே சோதனையில் போட்டிக்கு விட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் ஃபிலிப் கோவன், கேரலின் கோவன் தம்பதியும் கைல் புருயெட், மார்ஷா புருயெட் தம்பதியும் சேர்ந்து நடத்தியது. 2009ல் வெளிவந்த முடிவுகளில் 289 குடும்பங்கள். பெரும்பாலும் கைக்கும் வாய்க்குமான வருமானம். மூன்றில் இரண்டு பங்கினர் மெக்சிகோ வழி வந்தவர்கள். விவசாயக் கூலியை நம்பிய மாவட்டங்களும் அதில் உண்டு. தாத்தா தோட்டத்தில், அப்பா தொழிற்சாலையில் என்று வளர்ந்த நமக்கு இந்தக் குடும்பங்கள் அவ்வளவு அந்நியமில்லை.

குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரே ஒரு கூட்டம்: அப்பாவின் பங்கு ஏன் முக்கியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் பகுதிக்கு அப்பாக்கள் மட்டும் கூடும் வகுப்பு, 16 வாரம், வாரம் 2 மணி நேரம். மூன்றாம் பகுதிக்கு அதே 16 வாரம், அதே பாடம், ஆனால் அப்பா அம்மா இருவரும். நடத்தியவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர். சாப்பாடு உண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். ஒரே கூட்டத்தோடு போனவர்கள் வீட்டில் அப்பாவின் பங்கு அப்படியே கிடந்தது, தம்பதிக்குள் திருப்தி குறைந்தது, பிள்ளைகளின் சேட்டையும் முரண்டும் கூடியது. அப்பாக்கள் வகுப்புக்குப் போன வீடுகளில் அப்பா பிள்ளையிடம் நெருங்கினார். பிள்ளையின் நடத்தை கெடவில்லை. ஆனால் கணவன் மனைவி உறவு மட்டும் முதல் பகுதியைப் போலவே சரிந்தது. தம்பதி வகுப்பில் அப்பா வகுப்பின் பலன்கள் எல்லாம் கிடைத்தன. கூடவே உறவும் சரியாமல் நின்றது, பிள்ளை வளர்ப்பின் மன அழுத்தமும் குறைந்தது.

இதில் ஒன்றை உற்றுக் கவனிக்க வேண்டும். வகுப்புக்குப் போன வீட்டுப் பிள்ளைகள் திடீரென்று தங்கக் கட்டியாக மாறிவிடவில்லை. மற்ற வீடுகளில் நிலைமை கீழே போனபோது இங்கே போகவில்லை, அவ்வளவுதான். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இதைப் போட்டால் யாரும் மயங்க மாட்டார்கள். என் கண்ணுக்கு இது பெரிய விஷயம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பணமும் தூக்கமும் பற்றாத நேரத்தில், சரியாமல் நிற்பதே பெரும்பாடு.

ஊரெல்லாம் நடத்தப்படும் அந்த 'ஒரு நாள் கருத்தரங்கு' எந்த வரிசையில் வருகிறது என்பதையும் பாருங்கள். மண்டபம் எடுத்து, பேச்சாளருக்குச் சால்வை போட்டு, மதியம் பிரியாணி போட்டு அனுப்பும் நிகழ்ச்சி இந்தச் சோதனையில் முதல் பகுதிக்குச் சமம். அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த வெறும் அளவுகோல்.

கல்யாணத்தை மட்டும் பிடித்தவர்கள்

தம்பதி வகுப்புதான் வென்றதே, அப்படியானால் கல்யாண ஆலோசனை வகுப்புகளைப் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். அமெரிக்க அரசுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2006ல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி முடித்த ஒரு சட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 150 மில்லியன் டாலர் இதற்கென ஒதுக்கினார்கள். அதில் 50 மில்லியன் வரை அப்பாக்களுக்கான திட்டங்களுக்கு, மற்றது திருமண உறவைப் பலப்படுத்தும் திட்டங்களுக்கு. அதோடு இரண்டு பெரிய சோதனைகளும் நடந்தன.

ஒன்று, திருமணம் ஆகாமல் குழந்தை பெற்ற ஜோடிகளுக்கு. எட்டு இடங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள், ஒரு ஜோடிக்குச் சராசரி செலவு சுமார் 11,000 டாலர். மூன்று ஆண்டு கழித்து உறவும் சீராகவில்லை, கல்யாணமும் கூடவில்லை. பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல் மட்டும் இம்மியளவு குறைந்திருந்தது. அப்பாக்கள் பிள்ளையோடு இருப்பதும் செலவுக்குத் தருவதும் கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைந்திருந்தது. அந்த எட்டு இடங்களில் ஒன்றான பால்டிமோரில் தொடக்கத்தில் நிலைமை மோசமாகவே போனது.

இன்னொன்று, திருமணமான ஏழைத் தம்பதிகளுக்கு. 6,298 ஜோடிகள், இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் சராசரியாக ஒரு ஜோடிக்கு 9,100 டாலர். உறவில் சிறிய முன்னேற்றம், அது 30 மாதம் வரை நீடித்தது. பிரிவது குறையவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கணவன் மனைவி நன்றாகப் பேசிக்கொண்டால் அந்த நன்மை வழிந்து பிள்ளை வரை போய்ச் சேரும் என்பது கேட்க அழகான கணக்கு. நடைமுறையில் அது பாதி வழியில் வற்றிவிடுகிறது. கலிபோர்னியாவில் பிள்ளை பாடத்தின் நடுவிலேயே இருந்தது. அங்கே தம்பதிகள் 'நாம் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்வது' என்பதோடு நிறுத்தவில்லை. 'இவன் இரவு பத்து மணிக்கும் தூங்க மாட்டேன் என்கிறான், நீ ஒன்று சொல்கிறாய், நான் ஒன்று சொல்கிறேன், என்ன செய்யலாம்' என்பதுதான் பேச்சு.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஃபைன்பெர்க் வடிவமைத்த எட்டு வகுப்புத் திட்டம் முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தம்பதிகளுக்கானது. பாதி வகுப்பு பிரசவத்துக்கு முன், மீதி பிறகு. பாடம் ஒன்றே ஒன்று: பெற்றோராக எப்படி ஒரு அணியாக வேலை செய்வது. காதல், புரிதல் என்று பெரிய வார்த்தைகளுக்குப் போவதில்லை. 169 தம்பதிகளை வைத்து நடந்த சோதனையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் ஆசிரியர்கள் சொன்னதில் வித்தியாசம் தெரிந்தது. எட்டே வகுப்பு!

அப்பாக்கள் மட்டும் என்றால்

அப்பாவின் பங்கு பிள்ளைக்கு உதவுகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. 2008ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நீண்டகால ஆய்வுக் கட்டுரைகள் 24ஐ ஒன்றுகூட்டிப் பார்த்தபோது 22 கட்டுரைகள் நல்ல பலனையே சொல்லின. ஆனால் அப்பா ஈடுபடுவது நல்லது என்பதும், அப்பாவுக்கு வகுப்பு எடுத்தால் அவர் ஈடுபடுவார் என்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் நான்கு அப்பா திட்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, தட்டிக்கொடுப்பது போன்றவற்றில் சிறு முன்னேற்றம் இருந்தது. பிள்ளையை நேரில் பார்ப்பதும், பணம் தருவதும், அம்மாவோடு ஒத்துப்போவதும் மாறவில்லை. வீட்டில் கதவைத் திறந்துவிட வேண்டியவர் அம்மா. அவரை வெளியே வைத்துவிட்டு அப்பாவுக்கு மட்டும் பாடம் எடுத்தால் அவர் வாசலோடு நின்றுவிடுகிறார்.

நம் வீடுகளில் இதை நான் வேறு மாதிரி பார்த்திருக்கிறேன். மதிப்பெண் எழுதிய ரெக்கார்டு புத்தகம் கொடுக்கும் நாளில் வகுப்பறை வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். வந்த ஓரிரு அப்பாக்களும் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே பள்ளியில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி, என்று அறிவித்துவிட்டால் காலை ஏழரைக்கே பத்துப் பதினைந்து அப்பாக்கள் புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்து இறங்குவார்கள். வேலி கட்டுவார்கள், குழாய் மாற்றுவார்கள், சாயம் அடிப்பார்கள். ஒரு அம்மா ஆசிரியையிடம் சொன்னது இது: "டீச்சர், எங்க வீட்டுக்காரர மீட்டிங்குன்னு கூப்பிட்டா வரமாட்டாரு. மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாங்கன்னு கூப்பிடுங்க, மொத ஆளா நிப்பாரு." அப்பாக்கள் வகுப்புக்கு ஆள் சேர்ப்பது கஷ்டம் என்று புலம்புகிறவர்கள் அந்த அம்மாவிடம் பாடம் கேட்கலாம்.

அப்பாக்களுக்கான தனி வகுப்பு தோற்காத இடமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பிரிந்த குடும்பம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி ஏழு வயதுக்குக் கீழான பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பதுதான் நீதிமன்றத்தின் தொடக்க அனுமானம், மறுத்து நிரூபிக்கலாம் என்றாலும். அந்த அப்பா வாரக் கடைசியில் மட்டும் பிள்ளையைப் பார்ப்பார். அவரையும் முன்னாள் மனைவியையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட முடியாது. அவருக்கு அப்பா வகுப்பைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதற்கு 1999ல் பால் அமேட்டோவும் ஜோன் கில்பிரெத்தும் 63 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன பதில் இருக்கிறது. எத்தனை முறை பார்க்கிறார் என்பது அவ்வளவு பெரிதில்லை. பார்க்கும்போது அப்பாவாக நடந்துகொள்கிறாரா, வீட்டுப்பாடம் கேட்கிறாரா, வரம்பு வைக்கிறாரா, செலவுக்குத் தருகிறாரா என்பவைதான் பிள்ளையிடம் தெரிகின்றன. சனிக்கிழமை தோறும் ஷாப்பிங் மாலுக்குக் கூட்டிப்போய்ப் பொம்மை வாங்கித் தரும் அப்பாக்கள் இதைக் கேட்க வேண்டும்.

மலேசியாவில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

தம்பதி பக்கம் பார்த்தால் கல்யாணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆளுக்கொரு கதவு இருக்கிறது, நடுவில் வெறுமை. தொடக்கத்தில், முஸ்லிம்களுக்குத் திருமணத்துக்கு முன் பயிற்சி கட்டாயம். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் அதற்குப் போய் வந்தவர்கள்தான். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என் நடத்தும் ஸ்மார்ட்ஸ்டார்ட் பயிற்சி மற்றவர்களுக்கும் கிடைக்கிறது, போக விரும்பினால். இந்து இளையர்களில் பெரும்பாலோர் மண்டபம், புகைப்படக்காரர், சாப்பாடு என்று அலைவதிலேயே காலம் போய்விடுகிறது.

முடிவில், ஒருவர் மட்டும் மணவிலக்குக் கேட்டால் பொதுவாக முதலில் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். மேலே சொன்ன 1976 சட்டத்தின் 106ஆவது பிரிவு அது. தேசியப் பதிவிலாகாவின் திருமண நடுவர் மன்றம் ஆறு மாதத்துக்குள் சமரசம் செய்து பார்க்கும். வழக்கறிஞர் வரக்கூடாது. இருவரும் ஒப்புக்கொண்டு கூட்டாக மனு போட்டால் இந்தப் படியே தேவையில்லை. இதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மேசைக்கு வரும்போது இருவரும் பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகியிருக்கும். பிள்ளை அதற்குள் பள்ளியில் பென்சிலைக் கடித்துத் துப்ப ஆரம்பித்திருக்கும்.

அப்பா பக்கம் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், தனியார் துறையில் வேலை செய்யும் திருமணமான ஆணுக்கு மனைவியின் பிரசவத்தின்போது தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அந்த முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், ஐந்து பிரசவம் வரை. அம்மாவுக்கு 98 நாள். அதே திருத்தத்தில் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமையும் வந்தது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பாலம் தாண்டி பிறைக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு, எந்த வகுப்பைவிடவும் இந்தக் கடிதத்தை எழுத ஒருவர் உதவுவது பிள்ளைக்கு அதிகம் பயன்படலாம். வகுப்பு நடத்துகிறவர்கள் ஒரு வாரத்தை இதற்கே ஒதுக்கலாம்.

எது எங்கே இடிக்கும்

ஆள் சேர்ப்பதில் இரண்டுக்கும் வேறு வேறு தொல்லை. அப்பா வகுப்பு என்றால் "எனக்கு வளர்க்கத் தெரியாதுன்னு சொல்றீங்களா?" என்ற ரோஷம். தம்பதி வகுப்பு என்றால் "அவுங்க வீட்டுல ஏதோ பிரச்சினையாம், கவுன்சிலிங் போறாங்களாம்" என்று புளோக்கு முழுக்கப் பரவிவிடும். இரண்டாவதைத் தாண்டுவது எளிது, பெயரை மாற்றினால் போதும். 'முதலாம் ஆண்டுக்குத் தயாராவோம்' என்று பள்ளியே கூப்பிட்டால், வராதவர்களைத்தான் அக்கம்பக்கம் கேள்வி கேட்கும். பிள்ளை முதலாம் ஆண்டு போகும் நேரம் தலைப்பிரசவ நேரத்தைப் போன்றது. வீட்டு வழக்கமே புரண்டுவிடும், பெற்றோர் காது கொடுக்கும் காலம் அது.

வருகைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நான் மேலே சொன்ன எட்டு இடச் சோதனையில் ஒக்லஹோமா மட்டும் தொடக்கத்தில் நல்ல பலன் காட்டியது. அங்கே 45 விழுக்காட்டு ஜோடிகள் பாடத்தில் ஐந்தில் நான்கு பங்கையாவது முடித்தார்கள். மற்ற இடங்களில் 9 விழுக்காடு. பாடத்திட்டம் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடுவதைவிட, இரவு ஷிஃப்ட்காரருக்கு மாற்று நேரம் உண்டா, கைக்குழந்தையை யார் பார்ப்பார், சாப்பாடு சூடாக இருக்குமா என்று வாதாடுங்கள். சேர்ந்து வரும் வகுப்பில் இன்னொரு லாபம்: அவர் இழுத்தடித்தால் அவள் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவாள். அப்பா வகுப்பில் அந்த உந்துதல் இல்லை.

அப்புறம் பாட்டி. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் 'அப்பா, அம்மா, பிள்ளை' என்று முக்கோணம் போட்டிருப்பார்கள். நம் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு ஊட்டி, "உங்கப்பன் வரட்டும்" என்று மிரட்டுவது பாட்டிதான். கோவன் குழுவின் பாடத்தில் மூன்று தலைமுறை உறவுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. இங்கே அதை இரட்டிப்பாக்க வேண்டும். கடைசி வாரங்களில் ஒன்றில் பாட்டிகளையும் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடி உதை நடக்கும் வீட்டைத் தம்பதி வகுப்பில் சேர்க்கக்கூடாது. பால்டிமோரில் நிலைமை மோசமாகப் போனது நினைவிருக்கட்டும். அறையில் அவள் வாய் திறந்து சொன்ன வார்த்தைக்கு வீட்டில் அவள் விலை கொடுக்க வேண்டியிருக்கும். சேர்க்கும்போதே பெண்ணிடம் தனியாக, பெண் ஒருவர் கேட்க வேண்டும். ஆம் என்றால் பாதை வேறு: குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு உத்தரவு, தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. "உக்காந்து பேசுனா சரியாயிடும்மா" என்று சொல்லும் பெரியவர்களைப் பதிவு மேசையில் உட்கார வைக்காதீர்கள்.

நான் செலவழிப்பதாக இருந்தால்

முதலில் ஒரு கோத்தோங் ரோயோங். வகுப்பு என்ற சொல்லே வேண்டாம், அப்பாக்கள் மண்வெட்டியோடு வரட்டும். அங்கேயே பெயர் எழுதிக்கொள்வது. பிறகு முதலாம் ஆண்டுப் பெற்றோரில் எட்டு முதல் பத்துத் தம்பதிகள், ஆணும் பெண்ணுமாக இரு நடத்துநர்கள். 16 வாரம் இங்கே தாங்காது என்றால் ஃபைன்பெர்க்கின் எட்டை எடுத்துக்கொண்டு, தவறவிட்டவருக்கு இன்னொரு நாள் அதே பாடம். பிரிந்து வாழும் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு சிறு குழு, அதற்குப் பணம் மிஞ்சினால். மிஞ்சாவிட்டால் அவர்களை ஓர் ஆலோசகரிடமாவது அனுப்ப வேண்டும்.

முடிவில் சிரித்த முகம் வரைந்த படிவத்தைக் கொடுத்து "நிகழ்ச்சி பிடித்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிடலாம். பிரியாணி நன்றாக இருந்தால் எல்லோரும் பிடித்தது என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, வகுப்பு தொடங்கும் முன்பும் ஆறு மாதம் கழித்தும் வகுப்பாசிரியையிடம் அதே நான்கு கேள்விகள்: சண்டை போடுகிறானா, ஒதுங்கி உட்காருகிறாளா, வீட்டுப்பாடம் வருகிறதா, ரெக்கார்டு புத்தகத்தில் கையெழுத்துப் போட யார் வந்தார்?